உறுவையாற்றில் ஒருவர் பேசிய ஆங்கிலம்

காலை ஏழே கால் மணிக்கு விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினேன். வில்லியனூர் வரை முப்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். முழங்காலை இடிக்கும் இருக்கை. ஞாயிற்றுக்கிழமையில் யாராவது கூப்பிட்டால் கல்யாணமா, காதுகுத்தா என்று கேட்பது என் வழக்கம். இது இரண்டும் இல்லை. எங்கள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் ராணி முந்தின நாள் என் மேசை அருகே வந்து நின்றாள்.

"மேடம், எந்தங்கச்சி செல்வி வூட்டுக்காரரு பக்கவாதத்துல வுழுந்ததுலேர்ந்து வெறும் இங்கிலீஷ் வார்த்தையா பேசுறாரு. ஒருத்தருக்கும் புரியல. சக்கரையில கால் புண்ணு ஏறிப்போச்சு, எடுத்தே ஆவணும்னு டாக்டர் சொல்றாரு. இவுரு சம்மதிக்க மாட்றாரு. நீங்க வந்து இன்னான்னு கேளுங்க மேடம்."

ஆங்கிலச் சொற்கள் உருவாகும் விதத்தைப் பாடமாக நடத்துகிறவள் நான். முன்னால் ஓர் ஒட்டு, பின்னால் ஓர் ஒட்டு, நடுவில் வேர்ச்சொல். பரீட்சையில் பத்து மதிப்பெண். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் கால் விஷயத்தில் நான் என்ன கிழிக்கப்போகிறேன்? எரிச்சலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

மதகடிப்பட்டு தாண்டியதும் பக்கத்தில் இருந்த பெண் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

"ஞாயித்துக்கெழமையுமா?" என்றேன்.

"ஓவர்டைம்க்கா. வராட்டி கஷ்டமான லைனுக்கு மாத்திடுவாங்க."

"என்ன செய்றீங்க அங்க?"

"ஸ்டெயின்லெஸ் பைப்பு."

வீட்டுக்குப் போனால் அவளும் எவர்சில்வர் என்றுதான் சொல்வாள். கம்பெனி வாசலுக்குள் மட்டும் அது ஸ்டெயின்லெஸ். திருபுவனையில் அவளோடு பாதி பஸ் இறங்கியது. ராணியின் தங்கை கணவர் ஞானவேலும் இந்த ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் இதே பைப் வேலையில் இருபது வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். மேலே இருந்தவர்கள் வடக்கத்திக்காரர்கள். அவர்களோடு பேசக் கற்றுக்கொண்ட ஆங்கிலம்தான் அவருக்குச் சோறு போட்டது.

எட்டரைக்கு வில்லியனூர். அங்கிருந்து உறுவையாறு கிராமத்துக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். ஞானவேல் வீடு என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"இங்கிலீஷ்காரரு வூடா? ஏறுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் நெல் கதிர் வாங்கி நின்றது, பிறகு கரும்பு, பிறகு மனைப்பிரிவுக் கற்கள் நட்ட தரிசு.

வீட்டு முன் அறையிலேயே கட்டில். வாசலைத் தாண்டும்போதே புண்ணின் வாடை. ஞானவேலுக்கு ஐம்பது வயதிருக்கும். வலப்பக்கம் முழுவதும் செயலற்றுக் கிடந்தது. வலது பாதம் துணியால் மூடியிருந்தது. அவர் தம்பி ஏழுமலை நாற்காலி போட்டார். மதியம் ஒரு மணிக்கு வேன் வருகிறதாம். இன்று கொண்டுபோகாவிட்டால் விஷம் மேலே ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர் நினைவோடு இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் கத்தி வைக்க மாட்டார்களாம்.

"ஆஸ்பத்திரின்னாலே இடது கையால அடிக்கிறாரு மேடம்," என்றார் ஏழுமலை. "நாங்க பேசுற தமிழும் அவருக்கு ஏறல."

செல்வி டீ கொண்டுவந்தாள். ராணியை விடச் சின்னவள்; பார்த்தால் மூத்தவள் போலிருந்தாள். அவள் ஊட்டிய முதல் மடக்கைக் குடித்த ஞானவேல் முகத்தைச் சுளித்து, "சுகர்லெஸ்," என்றார். அது எல்லாருக்கும் புரிந்தது. சற்று நேரத்தில் மின்சாரம் போய் விசிறி நின்றது. அவர் மேலே பார்த்தார்.

"ஃபேன்லெஸ்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஸ்டெயின் என்றால் கறை, லெஸ் என்றால் இல்லாத. இருபது வருடம் வாயில் புரண்ட ஒரு சொல்லின் வால் மட்டும் அறுந்து அவரிடம் தங்கியிருந்தது. அதை எடுத்து எல்லாவற்றுக்கும் மாட்டிக்கொண்டிருந்தார். எந்த அகராதியிலும் இல்லாத சொற்கள், ஆனால் விதி பிசகாத சொற்கள். வகுப்பில் இருப்பவள்போல எனக்கு உள்ளுக்குள் குதூகலம் வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

நாற்காலியைக் கட்டில் அருகே இழுத்துப்போட்டு, அவர் காலைக் காட்டி, "லெக்?" என்றேன்.

அவர் வெகுநேரம் அந்தத் துணியையே பார்த்தார். "லெக்லெஸ்," என்றார். பிறகு தலையை ஆட்டி, "லெக்லெஸ் ஓகே."

ஏழுமலை எழுந்தே விட்டார். நான் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு, "ஹாஸ்பிடல்?" என்றேன்.

இடது கை கட்டிலில் ஓங்கி விழுந்தது. "நோ. நோ." கண் அடுப்படிப் பக்கம் போனது. "செல்விலெஸ். நோ."

காலுக்கு அல்ல அவர் பயந்தது. நான் ஏழுமலையை வாசலுக்குக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பிறகு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அரியாங்குப்பத்துல ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கம். ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா அங்க. அண்ணியும் இப்ப கம்பெனிக்கிப் போவுது, பொண்ணு பாகூர்ல கைக்கொழந்தையோட கெடக்குது. யாரு மேடம் பாக்குறது?"

"இதை எங்க வச்சுப் பேசினீங்க?"

"இங்கதான், கட்டிலாண்ட. அவருக்குத்தான் தமிழ் புரியாதே."

அவருக்குப் புரிந்துதான் இருந்தது. உள்ளே போய் அடுப்படியில் செல்வியிடம் அந்தச் சொல்லைப் பிரித்துச் சொன்னேன். சுகர் இல்லாமல், ஃபேன் இல்லாமல், கால் இல்லாமல்கூட இருந்துவிடுகிறாராம். செல்வி இல்லாமல் முடியாதாம். அவள் கையைப் புடவையில் துடைத்தபடியே வந்து கட்டிலின் காலடியில் உட்கார்ந்தாள்.

"நா வுட மாட்டன். கூடவே இருப்பன். நீ வாய்யா ஆஸ்பத்திரிக்கி," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இங்கிலீஷ்ல சொல்லுங்க மேடம்."

"செல்வி வித் யூ. ஆல்வேஸ்," என்றேன். எப்போதும் என்று அவள் சொல்லவில்லை. அந்தச் சொல்லைச் சேர்த்தது நான்தான். அவர் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓகே," என்றார்.

ஏழுமலை வேனுக்கு போன் போட வெளியே ஓடினார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். செல்வி என் பின்னாலேயே வந்து, முன் அறை ஜன்னலுக்கு வெளியே, துளசிச் செடி அருகே என்னை நிறுத்தினாள்.

"நா சொன்னது நடக்காது மேடம்."

நான் கைப்பையைத் திண்ணையில் வைத்தேன்.

"விடிகாலம் அஞ்சு மணிக்கு கம்பெனி பஸ்சு. திரும்பி வர இருட்டிப்போவுது. அதுவரைக்கும் அவரு நனைஞ்சே கெடக்குறாரு. முதுவெல்லாம் புண்ணு. ரெண்டு தபா தூக்கும்போது கீழ போட்டுட்டன். வேலைய வுட்டா சோறு இல்ல. கால எடுத்துட்டா நேரா ஹோமுதான். இப்ப வேற இன்னா சொல்லி அவர வண்டியில ஏத்துறது?" அவள் அழவில்லை. "அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குச் சொல்லாமலே போயிருக்கலாம் நீங்க."

அவள் சொன்னது நியாயம்தான். என்னைக் கூப்பிட்டது அவர் சம்மதத்தைக் கேட்க. நான் அவள் தலையில் ஒரு சொல்லைக் கட்டிவிட்டேன், அவர் தலையில் ஒரு பொய்யை.

இரண்டு பேரும் உள்ளே வந்தபோது ஞானவேல் ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பிப் படுத்திருந்தார். ஜன்னல் திறந்தேதான் இருந்தது. செல்வி அப்படியே நின்றுவிட்டாள். அவர் இடது கையை நீட்டினார். அவள் கிட்டே போனதும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"செல்விலெஸ்," என்றார். குரலில் கோபமில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "ஓகே," என்றார்.

செல்வி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். யாரும் அவளுக்கு எதையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் ஏழுமலை உள்ளே வந்தார். "மறுபடியும் ஓகேன்னாரா? அப்பாடா," என்றவர், அண்ணி கிடந்த கோலத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

ஒரு மணிக்கு முன்னாலேயே வேன் வந்துவிட்டது. விரிப்போடு நான்கு பேர் தூக்கினார்கள். வாசல்படி தாண்டும்போது அவர் தலையைத் தூக்கி அறையைச் சுற்றிப் பார்த்தார், வாய் எதையோ முணுமுணுத்தது. நான் கிட்டே போகவில்லை. காதில் விழுந்தால் புரிந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

ஏழுமலையின் பைக்கில் வில்லியனூர் வந்து, இரண்டரைக்கு விழுப்புரம் பஸ். நிற்க மட்டும் இடம். போகும்போது முப்பது ரூபாய், வரும்போதும் அதே முப்பது ரூபாய். திருபுவனையில் ஷிப்ட் முடிந்த நீலச் சட்டைகள் முண்டியடித்து ஏறின. என் தோளில் சாய்ந்து ஒரு பெண் நின்றபடியே தூங்கினாள். நாளைக்கு முதல் மணி வகுப்பில் பின்னொட்டுகள்தான் பாடம். என் வீட்டு அலமாரியில் அதற்கு உதாரணங்கள் எழுதிய பழைய அட்டைகள் ஒரு கட்டு இருக்கின்றன.

வளவனூர் தாண்டும்போது ராணி போன் செய்தாள்.

"மேடம், ஒத்துக்கினாராமே? இன்னா சொன்னாரு?"

இவ்வளவு காலமும் பிள்ளைகளிடம் ஒரு சொல்லையும் முழுங்காதே, முழுசாகச் சொல் என்று கத்திக்கொண்டிருந்தவள் நான்.

"ஓகேன்னாரும்மா," என்றேன்.