செங்கல்பட்டில் ஜோதிக்கு மூன்று மாதம், எனக்கு ஒரு மாதம்

போன செவ்வாய்க்கிழமை எங்களுக்கு வார லீவு. ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி எவ்வளவு இருக்கிறது என்ற பரிசோதனை முடிவை வாங்க, நானும் ஜோதியும் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருவருக்கும் வயது பத்தொன்பது, ஊர் தென்காசிப் பக்கம், நோய் பிறவியிலேயே வந்தது. ஒரகடத்தில் ஒரே கம்பெனி, வேறு வேறு ஹாஸ்டல். எங்களைப் போல மாத்திரை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஷேர் ஆட்டோ முப்பது ரூபாய். அங்கிருந்து மின்சார ரயில், ஐந்து ரூபாய். ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பிறகு உட்கார இடம் கிடைக்காது.

ஜோதிக்குக் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்திருந்தது. மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தார்கள். எனக்கு ஏறியிருந்தது, ஒரு மாதத்துக்குத்தான் கொடுத்தார்கள். வயிறு எரிந்தது. அதே மாத்திரை, அதே கம்பெனி, அதே கேண்டீன் சாம்பார். மகராசிக்கு மட்டும் எப்படி?

ஆலோசகர் அக்கா துருவித் துருவிக் கேட்டார். தூங்கப் போகும்போது போடுகிறேன் என்றேன். பகல் ஷிப்டில் இரவு, நைட் ஷிப்டில் காலை. அறையில் யாராவது விழித்திருந்தால் அதுவும் கிடையாது.

"உனக்கு ஷிப்டு மாறுனா கிருமிக்கும் மாறுமாம்மா?" என்றார். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டு மறுபடி சோதனை. அப்போதும் குறையாவிட்டால் மருந்தையே மாற்ற வேண்டி வரலாம்.

ஜோதி எந்த ஷிப்டானாலும் இரவு எட்டு மணிக்குப் போடுகிறாளாம். கேண்டீனில் கேட்டால் தைராய்டு என்பாளாம். அறைத்தோழி ஈஸ்வரிக்கு மட்டும் உண்மை தெரியும்.

"மொதல்ல ஒரு வாரம் எங்கூட பேசல. இப்ப எட்டு மணியானா, முழுங்கிட்டியான்னு கேட்டு உசுர வாங்குதா" என்று ஜோதி அலுத்துக்கொண்டாள்.

அலுப்பாம்! ரிசல்ட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியவில்லை. என் உயிரை வாங்க ஒரு ஆள் உண்டா?

திரும்பும்போது ஆட்டோவில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இன்னாம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார் ஓட்டுநர். இவளுக்குப் பசி என்று என்னைக் காட்டி ஜோதி சமாளித்தாள். அதற்கும் கோபம் வந்தது.

போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஷிப்ட் வேலை என்பதை மறைக்காதீர்கள், தோதான நேரத்தை ஆலோசகர்களே உங்களோடு சேர்ந்து யோசித்துச் சொல்வார்கள். எனக்கும் இரவு எட்டு மணி என்றுதான் முடிவானது. அறையில் இருப்பவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

அன்று இரவு எட்டு மணிக்கு என் அறைத்தோழி கனி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதிரிலேயே மாத்திரையை எடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். தைராய்டு என்று வாய்வரை வந்தது. ஜோதி மேல் இருந்த ஆத்திரமோ என்னவோ, நோய், எட்டு மணிக் கணக்கு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கனி தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல அத முழுங்கு. எட்டு தாண்டிருச்சு."