பேட்டரியில் ஒட்டிய பச்சைப் பொட்டு

நான் செய்த தவறை இன்னொருவர் தலையில் கட்டினேன். அவருக்கு வேலை போனது. நான் ஓய்வு பெறும் வரை என் நாற்காலியில் இருந்தேன்.

காரைக்காலுக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே உள்ள ஓர் எரிவாயு நிலையத்தில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். அங்கே எந்த வால்விலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் கொஞ்சம் வாயு கசியலாம். ஒரு சிறு பொறி போதும். அதனால் வேலிக்கு உள்ளே கைப்பேசி கிடையாது, பேசிக்கொள்ள வாக்கிடாக்கிதான். அதுவும் எதுவாக இருந்தாலும் சரி என்று விட முடியாது. கீழே விழுந்து உடைந்தாலும், உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டாலும், வாயுவைப் பற்றவைக்கும் அளவுக்குப் பொறி வராது என்று சோதித்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். அந்தச் சான்று செட்டுக்கும் அதன் பேட்டரிக்கும் சேர்த்துத்தான். வேறு பேட்டரி போட்டாலும் செட் நன்றாகவே பேசும். ஆனால் சான்று அதோடு சரி.

எங்களிடம் இருந்த வகையில், சான்று பெற்ற பேட்டரியின் முதுகில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வகுப்பெடுக்கும்போதெல்லாம் இதைத்தான் அழுத்திச் சொல்வேன். "பச்சை இல்லேன்னா கேட்டைத் தாண்டாதீங்க. நானே குடுத்தாலும் வாங்காதீங்க."

ஒரு கோடையில் பேட்டரிகள் வரிசையாகத் தீர்ந்தன. புதியவற்றுக்கு முன்கூட்டியே எழுதிப்போட வேண்டியது என் பொறுப்பு, மறந்துவிட்டேன். அது மேலே தெரிவதற்குள் சமாளித்துவிடலாம் என்று, மீன்பிடிப் படகுகளுக்கு வாக்கிடாக்கி விற்கும் கடையில் அதே அளவில் பொருந்துகிற சாதாரணப் பேட்டரிகளை வாங்கி வந்தேன். ஆட்கள் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டார்கள்.

"பச்சை இல்லீங்களே சார்."

அன்று மாலை வீட்டில் என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, பச்சை நிறத்தில் இருந்தவற்றை மட்டும் உரிக்கத் தொடங்கினேன்.

"என்னங்க, வாக்கிடாக்கிக்கு நிச்சயதார்த்தமா?" என்றாள்.

சிரித்து மழுப்பினேன். ஒவ்வொரு பேட்டரியிலும் ஒரு பொட்டை ஒட்டி, மேலே கண்ணாடி டேப்பையும் ஒட்டினேன். உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். மறுநாள் காலை நான் கொடுத்தேன் என்பதால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. நல்லவேளையாக எதுவும் தீப்பிடிக்கவில்லை. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு ஒருவர் வந்தார். காரைக்கால் டவுனைச் சேர்ந்த ஒரு தொழிலாளியின் செட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வியர்வையில் டேப்போடு பொட்டும் உரிந்து போயிருந்தது. அந்தத் தொழிலாளியின் மச்சானுக்குச் சொந்தமாகப் படகு இருப்பதைச் சோதனைக்கு வந்தவரிடம் யாரோ சொன்னார்கள்.

"ஒரிஜினல் பேட்டரி எங்கப்பா? மச்சான் படகுல ஏறிடுச்சா?"

"நான் தொடலீங்க. சார் குடுத்ததுதாங்க இது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் பச்சை பார்த்துத்தான் கொடுத்தேன்" என்றேன். அந்த வாரமே ஒப்பந்தக்காரர் அவரை நிறுத்திவிட்டார். சான்று பெற்ற பேட்டரிகளைச் சென்னையிலிருந்து அவசரமாக வரவழைத்து, பொட்டோடு இருந்த மீதிப் பேட்டரிகளை யாரும் பார்க்காமல் அப்புறப்படுத்தினேன். அந்தத் தொழிலாளி கத்தாருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டபோது, நன்றாகச் சம்பாதிப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பிறகு தருமபுரத்தில் வீடு கட்டிக் குடிவந்தேன். ஒரு நாள் கைப்பேசியைப் பழுது பார்க்க டவுனில் ஒரு கடைக்குள் நுழைந்தால், கல்லாவில் அவர். தாடி நரைத்திருந்தது. "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதில் உட்கார முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் கைப்பேசியை வாங்கிப் பின்மூடியைக் கழற்றினார்.

"பொட்டா?" என்றார்.

"ஆமாம்."

"மன்னிச்சிட்டேன்னு என் வாயால இப்ப வராது சார். ஒண்ணு செய்ங்க. இதை என் மாமியார்கிட்ட வந்து சொல்லுங்க. திருட்டு மருமவன்னுதான் இன்னிக்கும் எனக்குப் பேரு. நான் வீட்டுக்குள்ள வந்தா பீரோவப் பூட்டிட்டுத்தான் சோறு போடுது. கத்தார்ல இத்தன வருஷம் கெடந்து அதுக்கு வளையல் வாங்கியாந்தேன். அதையும் அதே பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுது."

முதலில் பழைய நிலையத்துக்குப் போய், இப்போதிருக்கும் அதிகாரியிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு தேநீர் கொடுத்தார். அந்த ஒப்பந்தக்காரரே இப்போது இல்லை என்றார். அங்கே சரிசெய்ய எதுவும் மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு மருமகன் என்னைத் தன் மாமியார் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப ஒரிஜினலை யாரு எடுத்தது?"

"யாரும் எடுக்கலைங்கம்மா. பழசானதை நாங்களே கழிச்சுட்டோம். போலியை வச்சது நான்."

"எம்மருமவன் எடுக்கல?"

"எடுக்கலைங்க."

"இதச் சொல்லவா இவ்ளோ வருஷம்? படிச்சவங்கதானே நீங்க?"

அந்த அம்மா எழுந்தார். உள்ளே போய்ச் சோறு போட்டார், எனக்கும் சேர்த்து. ஆணம் என்று அவர்கள் சொல்லும் குழம்பில் கிடந்த பெரிய மீன் துண்டு மருமகன் தட்டுக்குப் போனது. அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு மூன்று நாளில் கைப்பேசி அடித்தது.

"சார், மாமி பெரிய மச்சான் வீட்டுக்கும் உங்களை வரச்சொல்லுது. அங்கயும் ஒரு தடவை சொல்லணுமாம்."

போனேன். பிறகு அந்த அம்மாவின் தங்கை வீட்டுக்கு, பிறகு நிரவியில் ஒரு சம்பந்தி வீட்டுக்கு. மருமகனைத் திருடன் என்று எங்கெங்கே சொல்லியிருந்தாரோ அங்கெல்லாம் என்னை முன்னால் நிறுத்துகிறார். ஒவ்வொரு முறையும் பொட்டு என்ற இடத்தில் யாராவது சிரித்துவிடுகிறார்கள், நானும் சிரித்துவிடுகிறேன். அதற்கடுத்து, பச்சை பார்த்துத்தான் கொடுத்தேன் என்று நான் பொய் சொன்ன இடத்தில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

போன வாரம் நிரவியில் கேட்டு முடித்த ஒரு பெரியவர், "நல்ல மனுஷரா இருக்காரே" என்றார்.

"நல்ல மனுஷர்னு யாரு சொன்னா?" என்றார் அந்த அம்மா. "சொல்ல வந்திருக்காரு. அவ்வளவுதான்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீரை என் பக்கம் நகர்த்தினார். அடுத்தது எந்த வீடு என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.