அமைச்சரிடம் அக்கா கேட்ட கேள்வி

இன்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர், "நீங்க வள்ளி தம்பிதானே?" என்றார்.

எண்பதுகளில் சுகாதார அமைச்சர் எங்கள் ஊருக்கு வந்தபோது மேடைக்கு முன்னால் போய் நின்றவள் என் அக்கா வள்ளி.

"ஆஸ்பத்திரி கட்டிட்டீங்க. டாக்டர் இல்லாம பிரசவத்துல எங்கொழந்த போயிடுச்சு. டாக்டர எப்பங்க அனுப்புவீங்க?"

"கவனிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு அமைச்சர் காரில் ஏறினார்.

டாக்டர் வரவேயில்லை. அடுத்த பிரசவத்தில் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அக்காவும் இறந்துவிட்டாள்.

பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு உங்க அக்கா கேட்டப்ப நாங்கெல்லாம் உக்காந்தபடியே கை தட்னோம். எழுந்து போயி அவங்க கூட நின்னிருக்கணும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உங்கள் ஊரில் யாருக்காவது அமைச்சர் ஒழுங்காகப் பதில் சொன்னதுண்டா? இருந்தால் எழுதுங்கள், ஒன்றையாவது படித்துவிட்டுத் தூங்குகிறேன்.