‘ஆம்’ என்று நிரப்பச் சொன்ன மும்தாஜ்

செவ்வாய்க்கிழமை காலை பேராவூரணி பேருந்து நிலையத்து டீக்கடை முருகேசன் போன் செய்தார். “சார், நம்ம ஃபாரம் அக்கா போயிட்டாங்க. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலின்னாங்களாம். அதிராம்பட்டினத்துல இன்னிக்கு மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்.” நான் போனபோது பள்ளிவாசலுக்கு வெளியே நின்றவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள். எல்லோரும் ஒருநாள் அவர் கடையின் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

ஃபாரம் அக்கா என்று எல்லோரும் கூப்பிட்ட மும்தாஜ் நடத்தியது, பேருந்து நிலையத்தில் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட், விசா, போலீஸ் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பித் தருவார். கனடாவில் இருக்கும் எங்கள் மகளின் தலைப்பிரசவத்துக்காக நானும் என் மனைவி சரோஜாவும் அவரிடம் போனோம். அவர் கேள்விகளைத் தமிழில் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“எப்பவாச்சும் கைதாகியிருக்கீங்களா சார்?”

“நான் வாத்தியாரும்மா” என்று சிரித்தேன்.

“மண்டபத்துல வச்சாங்களே, அது என்னவாம்?” என்றாள் சரோஜா.

நான் ஓய்வு பெற்ற பிறகு, கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் வராத ஒரு வருடம் சாலை மறியல் செய்தோம். போலீஸார் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மத்தியானம் சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் கைது என்று எண்ணுவதில்லை.

“மண்டபத்துல சாப்பாடு போட்டாலும் அரெஸ்ட் அரெஸ்ட்தான் சார். கேஸ் இருக்கான்னு ஸ்டேஷன்ல பார்த்துட்டு வாங்க.”

இருந்தது. முதல் பெயரே என்னுடையது. அன்று பெயர் குறித்த காவலரின் கையெழுத்தைப் பார்க்கச் சகிக்காமல், நோட்டை வாங்கி நானே வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். மற்றவர்கள் குமார், ரவி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். நான் மட்டும் தகப்பனார் பெயர், கதவு எண் சகிதம். மும்தாஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அட்டெண்டன்ஸ் எடுத்தே மாட்டிக்கிட்டீங்களே சார்!”

குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறிய அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார் வக்கீல். பிரசவத்துக்குப் போய்விடலாம் என்று சந்தோஷமாக வந்து சொன்னேன். இந்த முறை மும்தாஜ் சிரிக்கவில்லை.

“ஒத்துக்கிட்டா தண்டனைன்னு ஆயிடும் சார். அது ஆயுசுக்கும் எல்லா ஃபாரத்துலயும் கூடவே வரும். கேஸை நடத்துங்க.”

“அதுக்குள்ள குழந்தை பொறந்துடும்மா. பேசாம ‘இல்லை’ன்னு போட்டுடு. கனடாக்காரனுக்கு நம்ம ஊர் ஸ்டேஷன் தெரியவா போகுது?”

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு. ஏதோ தகராறுல ஒரு சின்னக் கேஸு. ‘இல்லை’ன்னு போட்டோம். கண்டுபிடிச்சுட்டாங்க. கேஸுக்காக இல்ல சார், மறைச்சதுக்காக அஞ்சு வருஷம் வரக்கூடாதுன்னுட்டாங்க. அந்த நாட்டுலதான் எங்க மகளைக் கட்டிக் கொடுத்திருக்கோம். மூணாவது வருஷமே இவரு மௌத்தாயிட்டாரு. மக வீட்ல ஒரு வாய் தண்ணி குடிக்கல.” திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “அந்த ஃபாரத்தை நிரப்பினது நான்தான்.”

வழக்கை நடத்துவதென்று முடிவு செய்தேன். திருச்சிக்கே துணையில்லாமல் போகாத சரோஜா தனியாகக் கனடா போனாள். விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று மும்தாஜ் ஓர் அட்டையில் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தார். பேரன் பிறந்த செய்தி வந்த அன்று நான் வாய்தாவுக்குப் போய்த் திரும்பியிருந்தேன். என் போனில் குழந்தையின் படம் சின்னதாக இருக்கிறதென்று மும்தாஜ் தன் கணினித் திரை முழுக்கக் காட்டினார். முருகேசன் கடையிலிருந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

வழக்கு ஒருவழியாகத் தள்ளுபடியானது. இனி ‘இல்லை’ போடலாமா என்றேன். “கைதானது கைதானதுதானே சார். ‘ஆம்’னு போட்டு உத்தரவு நகலை வைப்போம்” என்றார். விளக்கக் கடிதமாகக் காவிரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் போனேன். அதை ஆறு வரியாக வெட்டினார். “நியாயத்தை அவங்க கேக்கல சார். என்ன நடந்துச்சு, எப்படி முடிஞ்சுது, அவ்வளவுதான்.” நான் போய் இறங்கியபோது பேரன் நடக்கத் தொடங்கியிருந்தான்.

அந்த ஆறு வரிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. பேனாவால் அவர் அடித்த கோடுகளோடு அதைப் பாதுகாத்து வருகிறேன். நேற்று அடுத்த விசாவுக்கு வீட்டில் நானே உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பினேன். கைதாகியிருக்கிறீர்களா என்ற கேள்வி வந்தது. ‘ஆம்’ என்று அழுத்தினேன்.

“எல்லாம் சரியாப் போட்டீங்களா?” என்று சரோஜா எட்டிப் பார்த்தாள்.

“மும்தாஜ் போட்ட மாதிரியேதான்” என்றேன்.