முசுடு மெக்கானிக்கும் நர்ஸக்காவும்

படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடு தேடிப் போய் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குழாய் மாற்றுவது, ஊசி போடுவது, இதுதான் அவள் வேலை. தெருவில் எல்லாருக்கும் அவள் நர்ஸக்கா. கணவன் போன பிறகு தனியாகத்தான் இருந்தாள். போய்வருவது ஒரு காரில். அது ஒரு நாள் படுத்துக்கொண்டால், அவளுடைய நோயாளிகள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பார்கள்.

அந்தக் காரும் லேசுப்பட்டதில்லை. பழசு. அதைக் காட்டாத பட்டறை கிடையாது. ஒருத்தர் போன தடவை பார்த்தவரைத் திட்டுவார், அடுத்தவர் இவரைத் திட்டுவார். போகும்போது ஒரு சத்தம் இருக்கும், வரும்போது அது போய் வேறொன்று குடிவந்திருக்கும். அவளுடைய அக்கா புருஷன் ஒவ்வொரு முறையும், "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், தங்கமான பையன்" என்று புதிதாக ஒருவரைப் பிடித்துவருவார். அத்தானின் தங்கங்கள் எல்லாம் இரண்டே மாதத்தில் பித்தளையாகிவிடும்.

ஒரு நாள் வழியில் ஸ்டீயரிங் உதறியதால், கண்ணில் பட்ட முதல் பட்டறையில் காரை நிறுத்தினாள். உள்ளேயிருந்து வந்த ஆள் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. காரைச் சுற்றி வந்தார். சக்கரத்தின் உட்பக்கம் அப்பியிருந்த சேற்றை ஸ்குரூடிரைவரால் சுரண்டிப் போட்டார்.

"அவ்வளவுதான். போங்க."

"எவ்வளவுங்க ஆச்சு?"

"மண்ணு சுரண்டறதுக்கெல்லாம் யாராவது காசு வாங்குவாங்களா? வழிய விடுங்க, பின்னாடி வண்டி நிக்குது."

அந்த வட்டாரத்தில் அவருக்கு முசுடு என்று பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவள் அதோடு பட்டறை மாறுவதை நிறுத்திவிட்டாள். கழற்றிய பழைய பாகத்தை அவர் எப்போதும் அவள் கையில் கொடுத்துக் காட்டுவார். தேயவில்லை என்றால், "இன்னும் ஓடும், புதுசுக்கு ஆசைப்படாதீங்க" என்பார். இப்படியே சில வருஷம் நிம்மதியாகப் போனது.

அப்புறம்தான் அது நடந்தது. முன் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ஹோஸ் குழாயை முசுடிடம் மாற்றிக்கொண்டு வந்த மறுநாள் காலை, ஒரு நோயாளி வீட்டுக்குப் போகும் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தாள். பெடல் சேற்றில் கால் வைத்ததுபோல் உள்ளே போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கைப் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மதில் சுவரில் உரசி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் காருக்குள் இருந்தபடியே போனை எடுத்தாள்.

போன் செய்ததும் முசுடு ஸ்கூட்டரில் பறந்து வந்தார். கூடவே அத்தானும் வந்துவிட்டார். முசுடு தரையில் படுத்து சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஹோஸ் மட்டமான சரக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

"தப்பு என்னோடதுங்க. போல்ட்ட பாதி முறுக்கும்போது யாரோ கூப்பிட்டாங்க, எழுந்து போனேன். திரும்பி வந்தப்ப முழுசா முறுக்கிட்டதா நினைச்சுட்டேன். ஆயில் பூரா ஒழுகிப் போச்சு."

"ஆள் செத்திருந்தா என்னய்யா சொல்லியிருப்ப?" என்று அத்தான் குதித்தார்.

முசுடு மறுபடி சக்கரத்தடியில் படுத்தார். அங்கேயே சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, சாவியை நீட்டினார். "இனிமே வேற எடத்துல பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் பேச்சைக் கேட்டு, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனாள். சோபாவில் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். கார் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. சமீபத்தில்தான் முசுடு புதிதாக மாற்றிப் போட்டிருந்த ஒரு பாகத்தைக் காட்டி, "தேய்ஞ்சுபோச்சு மேடம்" என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

நேரே முசுடின் பட்டறைக்குப் போய், பிரேக்கை ஒரு தடவை முழுசாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னாள்.

"பிரேக் வேலை இப்ப எடுக்கறதில்லைங்க," என்றார் அவர். "கை வெச்சா நடுங்குது. ஆயில் மாத்தறது, பேட்டரி பாக்கறது, அதோட சரி."

நர்ஸக்கா படுக்கப் போட்டிருந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. மருந்தை ஏத்தறதுக்கு முன்னாடி மருந்து பேரையும் ஆள் பேரையும் வாய்விட்டு சொல்லுவோம். மனசு நினைச்சுக்கும், செஞ்சாச்சுன்னு. வாய் அப்படி ஏமாறாது. நீங்களும் சொல்லிக்கிட்டே முறுக்குங்க. நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

"அசிங்கமா இருக்கும்."

"இருக்கட்டும். நான் மட்டும்தானே கேக்கறேன்?"

அவர் ஸ்பேனரைத் துடைத்து எடுத்துக்கொண்டார். பிறகு ஜாக்கி போட்டார். "முன்னாடி வலது, ஹோஸ் போல்ட்டு, முறுக்கியாச்சு," என்றது குரல், பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல. "சரி," என்றாள் அவள். நாலு சக்கரமும் முடிந்ததும் அவரே பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். அதே இறக்கத்தில் ஓட்டச் சொன்னார். அவள் மிதித்த இடத்தில் வண்டி நின்றது. முசுடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முகத்தைச் சட்டையால் துடைத்தார். அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அத்தானுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "ஊர்ல ஆளே இல்லாத மாதிரி அவன்கிட்டயே போறியே?" என்று கேட்டார்.

"தப்பே பண்ணாத ஆளை நீங்க நிறைய காட்டிட்டீங்க அத்தான்," என்றாள் அவள். "பண்ணிட்டு ஒத்துக்கிட்ட ஆள் இவர் ஒருத்தர்தான்."

அந்தக் கார் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது. கடைசியில் ஒரு நாள், அடியில் துரு எவ்வளவு தூரம் ஏறிவிட்டது என்று டார்ச் அடித்துக் காட்டி, "இதுக்கு மேல நான் இதை ரிப்பேர் பண்ணா உங்களை ஏமாத்தறேன்னு அர்த்தம்," என்றார் முசுடு. வேறு கார் பார்க்க அவரே கூட வந்தார். பார்த்த வண்டிக்கெல்லாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அவர் ஒன்றுக்குச் சரி சொல்லும்வரை, நர்ஸக்கா மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில்தான் வீடு வீடாகப் போய்வந்தாள்.