தக்கை கட்டிய கண்ணாடி

நேற்றுக் கடையொன்றில் புது வலைநூலின் தார் மணம் மூக்கில் ஏறியதுமே எனக்குக் காதுக்குப் பின்னால் அரிக்கத் தொடங்கிவிட்டது. ஏழு வயதில் என் மூக்குக்கண்ணாடி அந்த நூலில்தான் தொங்கியது. கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எனக்கு எல்லாமே பனிமூட்டம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான், கண்ணாடி தொலைந்தால் படிப்பும் அன்றோடு சரி. நான் ஐயா என்று கூப்பிடும் என் தகப்பனோ கடலுக்குப் போகிறவர், தண்ணீரில் விழக்கூடிய எதையும் மிதப்பில்லாமல் விடமாட்டார். வலைக்குக் கட்டுவதுபோலவே கண்ணாடியின் இரு பக்கமும் தக்கை கட்டிவிட்டார்.

"டேய், இண்டைக்கு என்ன மீனடா பட்டது?" என்று வகுப்பே கேட்கும்.

ஈரப்பலகை கிறீச்சிட, மீன் ஏலம் கூறும் குரல்கள் காதைப் பிளக்க, கருவாடு மணத்துக் கடலுக்குள் நீண்டு கிடந்த எங்கள் கொழும்புத்துறை மரப்பாலம் இப்போது இல்லை. அதன் நுனியில் நின்று, தூரத்து வள்ளங்கள்கூடத் தெரிகிற புதுச் சந்தோஷத்தில் எட்டி எட்டிப் பார்த்த ஒருநாள், கால் வழுக்கிக் கடலில் விழுந்தேன். கண்ணாடி கழன்றது. மேலே வந்தபோது, பாலத்திலிருந்து எனக்குப் பின்னால் குதித்த ஐயா என்னைத் தாண்டி நீந்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் இஞ்சை!"

"தெரியுதடா! நீ நீந்தி வருவாய், அது நீரோட்டத்தோடை போகுது!"

தக்கைகள் காப்பாற்றின. கரையில் கண்ணாடியை என் முகத்தில் மாட்டிவிட்டு, "தெரியுதோ?" என்றார்.

"ஓம் ஐயா."

மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது என் இடுப்பிலும் ஒரு தக்கை இருந்தது.