சுருள்பாசிக்கு ஷிப்ட் போட்ட வீடு

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லைச் சுற்றி மழைக்காலம் தோறும் பாசி பிடிக்கும். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்ததிலிருந்து அதை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது என் வேலை. ஒருமுறை அதில் வழுக்கி விழுந்து, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் நின்றபடியே இலக்கணம் நடத்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவளிடம் வந்து என் கணவர், "இனிமே நம்ம வீட்டுல பாசி வளர்க்கப் போறோம்" என்றார். நைட் ஷிப்ட் முடித்து வந்த தூக்கக் கலக்கத்தில் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. ரத்தப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை கூடுதல், எனக்கு ரத்தம் குறைவு என்று வந்திருந்தது. டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், என்னைக் கீரை சாப்பிடச் சொன்னார். இவ்வளவு எளிய வைத்தியத்தில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கூட வேலை செய்பவர் காட்டிய வீடியோவில் ஒருவர் பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் முன் நின்று, உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் ஸ்பைருலினா என்கிற சுருள்பாசிதான் மருந்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் நம்பிக்கை வந்துவிட்டது.

வார ஓய்வில் புதுச்சேரிப் பக்கம் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனார். திரும்பும்போது மடியில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாக இரண்டு கேன் பச்சைத் தண்ணீர். பஸ்ஸில் கண்டக்டர், "இன்னா சார் அது, பெயின்ட்டா? கொட்டிகினு நாசம் பண்ணிடப் போவுது" என்று கேட்டாராம். "பெயின்ட் இல்லீங்க, உயிர்" என்று இவர் சொல்ல, பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்து பின்னால் போய்விட்டாராம். இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார்.

உறை மோர் மாதிரி ஊற்றி வளர்க்கும் அந்தத் தண்ணீரை வகுப்பில் மதர் கல்ச்சர் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவர் சுருக்கி 'மதர்' என்று ஆக்கிக்கொண்டார். பெரிய நீலத் தொட்டி வந்தது. என் சமையலறையிலிருந்து சோடா உப்பும் கல்லுப்பும் டப்பாவோடு போயின. மேலே பச்சை வலையில் பந்தல் கட்டினார். சுரங்கத்திலிருந்து இடைவேளையில் போன் செய்து, "மதர் எப்படி இருக்கு? கலர் எப்படி? நுரை தள்ளுதா?" என்று விசாரிப்பார். நானும் ஸ்பீக்கரில் போட்டு, "கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கு, நுரையும் தள்ளுது" என்று பதில் சொல்லுவேன். பக்கத்து வீட்டு அம்மா இதைக் கேட்டுவிட்டு, பண்ருட்டியில் நல்லபடியாக இருக்கும் என் மாமியாருக்கு மஞ்சள் காமாலை என்று முடிவுசெய்து, ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் கண்ணீரோடும் வந்து நின்றார். தொட்டியைக் காட்டி விளக்கினேன். ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

சுருள்பாசியை அடிக்கடி கலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே வந்து ஏடு கட்டிவிடும். முப்பது வருஷம் ஷிப்டில் வேலை பார்த்த மனிதர் தொட்டிக்கும் ஷிப்ட் போட்டார். அவர் பகல் வேலையில் இருந்தால் காலையும் மாலையும் நான். அவர் மதியம் போகிற வாரம் காலை அவர், மாலை நான். நரம்பறுந்த பேட்மின்டன் மட்டைதான் துடுப்பு. அதை என் கையில் கொடுக்காமல் அவர் சட்டை மாட்ட மாட்டார்.

"அடுத்த ஷிப்ட் ரிலீவர் வராம போயின்ட்டை விட்டு நகரக் கூடாதும்மா. அதுதான் ரூல்."

"குக்கர் நாலு விசில் அடிச்சாச்சுங்க. அதுக்கு யாரு ரிலீவர்?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

முதல் அறுவடைக்கு என் பழைய பட்டுப் பாவாடையின் உள்துணி வடிகட்டியானது. வடித்த பாசியை முறுக்கு அச்சில் போட்டுப் பிழிந்து வெயிலில் காயவைத்தார். அந்தக் கோகுலாஷ்டமிக்கு எங்கள் வீட்டு முறுக்கில் லேசாக மீன் வாடை அடித்தது. சைவம் சாப்பிடும் எதிர் வீட்டார் ஒன்று கடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அதன்பின் பச்சை தோசை, பச்சை சப்பாத்தி, பச்சை மோர். பள்ளியில் நான் செய்யுள் வாசிக்க வாய் திறந்தால் முதல் வரிசைப் பெண்கள் என் பல்லைப் பார்த்துச் சிரித்தார்கள். இவர் மட்டும் காலையில் ஒரு உருண்டையை விழுங்கிவிட்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, "டேஸ்ட்டே தெரியல பாரு" என்பார்.

ஒருநாள் இவர் நைட் ஷிப்ட் முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். டெங்கு காலம். வீடு வீடாகத் தேங்கிய தண்ணீரைப் பார்க்கிறவர்கள் வந்தார்கள். கையில் டார்ச்சும் கரண்டியுமாக ஒரு பெண், பின்னால் அட்டையும் பேனாவுமாக சூப்பர்வைசர். அந்தப் பெண் பின்பக்கம் போனதும் கத்தினாள்.

"யக்கா! இன்னாக்கா இது, தண்ணிய இப்புடி பாசி புடிக்க வுட்டுகினு கீறீங்க? எங்க வூட்டு மாட்டுத் தொட்டி கூட இதுக்குச் சுத்தமா இருக்கும்!"

சொல்லிக்கொண்டே தொட்டியின் விளிம்பைப் பிடித்துச் சாய்க்கப் போனாள். இத்தனை நாள் நான் மனதுக்குள் நூறு தடவை செய்ய நினைத்த காரியம். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், என் சமையலறைக்கும் பல்லுக்கும் விடுதலை. ஆனால் என் கால் தானாக ஓடியது. குறுக்கே போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன்.

"கொட்டாதீங்க! இது சாதாரணப் பாசி இல்ல. சோடா உப்பு கரைச்ச தண்ணி. கொசு முட்டை போட்டாலும் பொரிக்காது."

"எல்லாரும் இப்படித்தான் டீச்சர் சொல்றாங்க" என்றார் சூப்பர்வைசர். "தேங்கின தண்ணி இருந்தா எழுதணும். அவ்ளோதான்."

"இது தேங்கின தண்ணி இல்ல சார். நாங்க கலக்கிக்கிட்டே இருக்கோம்."

சொன்னதை நிரூபிக்க மட்டையை எடுத்துக் கலக்க ஆரம்பித்தேன். அந்தப் பெண் கரண்டியில் மொண்டு மொண்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். புழு இல்லை. சூப்பர்வைசர் நம்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், நானும் நிறுத்தாமல் கலக்கிக்கொண்டே இருந்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் அவர் அட்டையைத் தாழ்த்தி, குரலையும் தாழ்த்தினார்.

"டீச்சர், இது சுகருக்கு நல்லதா?"

"என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்றார்."

"ஒரு பாட்டில்ல கொஞ்சம் குடுங்களேன்."

"எனக்கும் குடுக்கா, மூட்டு வலி உயிரு போவுது" என்றாள் அந்தப் பெண்.

இரண்டு பேரும் எங்கள் வீட்டிலிருந்து போய் அடுத்தடுத்த வீடுகளில் டெங்குவைப் பற்றிச் சொன்னார்களோ இல்லையோ, பாசியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மாதத்துக்குள் பாட்டிலும் வாளியுமாக எங்கள் வாசலில் கூட்டம். பிளாக் முழுக்க நீலத் தொட்டிகள் முளைத்தன. காலை நடைப்பயிற்சியில் ஆண்கள் பிள்ளைகளின் மார்க்கைப் பேசுவதை விட்டுவிட்டு பாசியின் நிறத்தைப் பேசினார்கள். வாட்ஸ்அப் குழுவில் தினமும் எல்லாரும் தொட்டியைப் படம் பிடித்துப் போட்டார்கள். பளிச்சென்ற ஒரு படத்தைப் பார்த்து, போட்டவர் போனில் கலர் கூட்டிவிட்டார் என்று ஒரு பெரிய சண்டை நடந்தது.

பெரிய குவார்ட்டர்ஸில் இருந்த உயர் அதிகாரி ஒருவர் தனியே கண்ணாடித் தொட்டி, மோட்டார், வெப்பமானி எல்லாம் வைத்து வளர்த்தார். ஆபீசர் வீட்டுப் பாசி. அதுதான் முதலில் வெளுத்தது. அவர் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் வேலையில் சேர்ந்த நாள் முதல் அதிகாரிகளின் அறைக்கு வெளியே நின்றுதான் பேசியிருக்கிறார். அன்று அவர் எங்கள் பின்பக்கம், துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து, "வாட் ஈஸ் யுவர் சஜஷன்?" என்று கேட்டார். இவர் தொட்டியில் விரலை விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, ரொம்ப நேரம் யோசித்து, "உப்பு சார்" என்றார். அன்றிரவு இவர் சாப்பிடும்போது தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த ஐப்பசியில் மழை பிடித்தது. கடலூர்ப் பக்கத்து மழை எப்படி என்று எங்களுக்குத் தெரியும், பாசிக்குத்தான் தெரியாது. நாள் கணக்காக வெயில் முகம் காட்டவில்லை. வலையையும் தார்ப்பாயையும் மீறி மழைத் தண்ணீர் இறங்கி, தொட்டிகள் நிரம்பி வழிந்தன. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு நாற்றம். தெருவில் குடை பிடித்துப் போனவர்கள் மூக்கையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மழை விட்டதும் உயர் அதிகாரி எங்கள் வீட்டில் கூட்டம் போட்டார். ரூட் காஸ் கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் டீ போட்டேன். கலக்கவில்லை என்று ஒருவர், கலக்கியதுதான் தப்பு என்று ஒருவர், கான்ட்ராக்ட் ஆட்கள் கட்டிய பந்தல்தான் காரணம் என்று இன்னொருவர். பெர்மனென்ட் ஆட்கள் கட்டியிருந்தால் ஒழுகியிருக்காது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் பந்தலை, பெர்மனென்ட் ஆளான என் கணவரேதான் கட்டியிருந்தார். அவர் எழுந்து பிஸ்கட் தட்டை நீட்டினார். யார் மேலும் தவறில்லை, எதிர்காலத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று முடிவாகி டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த வாரம் அந்த வாட்ஸ்அப் குழுவின் பெயர் காளான் என்று மாறிவிட்டது.

எல்லாரும் போன பிறகு இவர் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினார். நான் உதவிக்குப் போனேன். "நீ போ, நாறுது" என்றார். பண்ருட்டியிலிருந்து அவர் அம்மா போன் செய்தபோதுகூட எடுக்கவில்லை.

எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். முறுக்கு அச்சைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்து வைத்தேன். தோசை வெள்ளையாக வந்தது. ஆனால் மாலையில் பள்ளி விட்டு வந்ததும் கை சும்மா இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வரும்போது நான் கிளம்புவேன், நான் வரும்போது அவர் கிளம்புவார், இல்லாவிட்டால் தூங்குவார். மட்டையைக் கை மாற்றிய அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நாங்கள் தினமும் பின்பக்கம் நின்று பேசியிருக்கிறோம். நுரை, உப்பு, கூடவே வெளியூரில் படிக்கும் எங்கள் பெண்ணின் படிப்பு, என் தலைமையாசிரியை, அவர் முழங்கால். தொட்டி போனதும் அந்தப் பேச்சும் நின்றுவிட்டது.

தை பிறந்து நல்ல வெயில் அடிக்க ஆரம்பித்தது. "திரும்பவும் வாங்கிட்டு வாங்களேன்" என்றேன்.

"வேண்டாம்மா. எனக்கு ராசியில்ல" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

நானே கொரியரில் ஒரு சின்னப் பாட்டில் வரவழைத்தேன். காலியான ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, சோடா உப்பும் கல்லுப்பும் கரைத்து, சமையலறை ஜன்னலில் வெயில் விழும் இடத்தில் வைத்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மதிய ஷிப்டுக்குக் கிளம்பும்போது தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் ஜாடியைப் பார்த்து நின்றுவிட்டார். மூடியைத் திறந்தார், முகர்ந்தார். ஸ்பூனை எடுத்து மெதுவாகக் கலக்கினார்.

"யாரு இதுக்கு அளவு சொன்னது?"

"நானேதான்."

"சோடா உப்பு பத்தாது" என்று சொல்லிவிட்டு, ஸ்பூனை என் கையில் கொடுத்து, செருப்பை மாட்டினார்.